ஒரு கை தூரம் தள்ளி உட்காரும் விதி எப்படி வந்தது

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. ஒன்றாம் வகுப்பில் செல்லி என்ற பெண் வாய்க்கணக்கில் பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னாள்.

2. அதே செல்லியைத் தனியாகக் கரும்பலகை அருகே நிறுத்திக் கேட்டால் ஒன்றிரண்டுக்கு மேல் வரவில்லை.

3. அவள் பக்கத்தில் உட்கார்ந்த நூர்ஜான், ஆஜர் கூப்பிடும்போது பதில் சொல்வதைத் தவிர ஐந்து மாதமாக வாய் திறக்கவில்லை. அவள் சிலேட்டும் வெறுமையாகவே இருந்தது.

4. இருவரையும் பிரித்து உட்கார வைத்தேன். செல்லியின் சரியான பதில்கள் நின்றுபோயின. நூர்ஜான் எப்போதும்போல இருந்தாள்.

5. மறுபடி சேர்த்து உட்கார வைத்தேன். செல்லிக்கு மறுபடி ஒன்பது.

6. நூர்ஜானுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே யாரோ மூன்றாவது ஆள் செல்லிக்கு விடை சொல்லிக்கொடுக்கிறாள்.

முதல் ஐந்தும் நான் கண்ணால் பார்த்தவை. ஆறாவது நான் யோசித்துக் கண்டுபிடித்தது. அதுதான் தவறு.

இதை இப்போது எழுதக் காரணம், ஆம்பூர்ப் பள்ளியில் என் இடத்துக்கு வந்திருக்கும் கமலா எழுதிய கடிதம். வாய்க்கணக்குப் பரீட்சையில் பிள்ளைகள் ஒரு கை தூரம் தள்ளித் தள்ளி உட்கார வேண்டும், மடிமேல் துணி இருக்கக் கூடாது என்ற விதியை இந்த வருஷம் சுற்றுப்பக்கத்துப் பள்ளிகளுக்கும் போட்டிருக்கிறார்களாம். "இது நீங்கள் கொண்டுவந்த விதி என்று பெரிய டீச்சரம்மா சொன்னார்கள். எப்படித் தோன்றியது என்று எழுதினால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்" என்று கேட்டிருக்கிறாள். உதவியாக இருக்குமா என்பது படித்த பிறகு தெரியும்.

எனக்கு வயது இருபத்தேழு. ஆறு வருஷம் ஒன்றாம் வகுப்பு நடத்தினேன். கல்யாணமான டீச்சரை வைத்துக்கொள்ளும் வழக்கம் அந்தப் பள்ளியில் இல்லாததால் போன வருஷம் விலகினேன். "ரிட்டயர் ஆனவங்க கொஞ்சம் ஓய்வெடுங்க" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

கலவையில் பிறந்து, வேலூரில் இரண்டு வருஷம் ட்ரெயினிங் படித்தேன். பாடக் குறிப்பு எழுதுவது, மணல் தட்டில் விரலால் எழுத்துப் போட வைப்பது, புளியங்கொட்டையால் கணக்குச் சொல்லித் தருவது, களிமண்ணில் உருவம் பிடிக்க வைப்பது, ஆடிப் பாடும் பாட்டு, இவ்வளவும் அங்கே கற்றவை. பிள்ளை சொல்லும் பதிலை உடனே நம்பாதே என்பதும் அங்கே கற்றதுதான். அது என் சுபாவத்துக்கு மிகவும் ஒத்துவந்தது.

பள்ளி இருந்த தெருவுக்குப் பின்னாலேயே தோல் பதனிடும் ஷாப்பு. தோல் ஊறும் சுண்ணாம்புக் குழிகளின் நாற்றம் காற்றோடு வரும். தோலுக்குப் போடும் ஆவாரம்பட்டையை இடிக்கிற கொட்டகையின் சத்தம் காலையிலிருந்து சாயங்காலம் வரை கேட்கும். என் வகுப்பில் முப்பத்தோரு பெண்கள். பாதிப் பேருக்குத் தாயோ தகப்பனோ ஷாப்பில் வேலை. மிச்சம், தோல் வியாபாரத்தோடு ஏதாவது ஒரு விதத்தில் சம்பந்தப்பட்ட வீடுகள்.

எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் எஸ்தரம்மாள். அவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செருப்பை நாலாம் வகுப்பு வாசலில் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு எங்கள் சன்னலுக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். செருப்பைப் பார்த்து, நாலாம் வகுப்பில் இருக்கிறார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். எனக்கு இது தெரிய ஒரு வருஷம் ஆயிற்று. தெரிந்த பிறகு, செருப்பு எங்கே இருக்கிறதோ அங்கே அவர்கள் இல்லை என்று கணக்கு வைத்துக்கொண்டேன். அதுவும் அவர்களுக்குத் தெரிந்துபோய், சில நாள் செருப்பு இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

சிலேட்டைச் சோதிக்க அவர்களுக்கு ஒரு முறை உண்டு. பிள்ளை எழுதி முடித்ததும் விடையைப் பார்க்க மாட்டார்கள். விடைக்குப் பக்கத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தித் தேய்ப்பார்கள். விரலில் ஈரம் பட்டால், எச்சில் தொட்டு அழித்து மாற்றி எழுதியிருக்கிறாள் என்று அர்த்தம். மாற்றி எழுதியிருந்தால் பக்கத்துச் சிலேட்டைப் பார்த்திருக்கிறாள் என்று அர்த்தம். பிறகுதான் கேள்வி.

"மரகதம், உன் வகுப்புல பிள்ளைங்க நல்லா பதில் சொல்லுதுங்க. அதான் எனக்குக் கவலையா இருக்கு" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்கள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

நான் சொல்லப்போவது என் நாலாவது வருஷத்தில் நடந்தது. செல்லி அந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் இரண்டாம் முறை உட்கார்ந்தாள். இரண்டு முறை தேறாத பிள்ளையின் பெயரை அடித்துவிட வேண்டும் என்பது பள்ளி விதி. அவள் அம்மா அஞ்சலை பட்டை இடிக்கிறவள். ஜூன் மாதம் மகளை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"இந்த வாட்டியும் பெயிலுன்னா எங்கூடவே இட்டுனு போய்டுவேன் டீச்சரம்மா. வூட்டுல குந்த வெச்சி இன்னா பண்றது? ஒலக்கை புடிக்கிற கை இருக்குது."

செல்லி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு ஒலக்கை தூக்க வராதும்மா" என்றாள்.

"வரும், வரும். எனக்கு மட்டும் பொறக்கும்போதே வந்துச்சா?"

நூர்ஜான் அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவள். அவள் அப்பா காதர் பாய், தோல் மண்டித் தரகர். டீச்சர்கள் எல்லாரும் பெண்கள் என்பதால் அனுப்பினார். வீட்டில் உருது. சேர்ந்த முதல் மாதமே சிலேட்டில் அவள் போட்ட விடைக்குப் பக்கத்தில் எஸ்தரம்மாளின் கட்டை விரல் ஈரமாகிவிட்டது.

"அழிச்சிருக்கே. முதல்ல இன்னா எழுதியிருந்தே?"

நூர்ஜான் மெதுவாக, உருதுவில் ஏழு என்றாள்.

"இன்னாடி சொல்றா இவ?" என்று பின்வரிசையில் யாரோ கேட்க, வகுப்பே சிரித்தது. எஸ்தரம்மாள் அவள் கையில் ஓர் அடி வைத்துவிட்டு, "தமிழ்ல சொல்லு" என்றார்கள். அன்றைக்கு என் குறிப்புப் புத்தகத்தில் 'நூர்ஜான், ஏழு என்பதை அழித்து ஏழு என்று எழுதியிருக்கிறாள்' என்று எழுதினேன். விடையும் ஏழுதான். கோணலாக எழுதிய ஏழை அழித்து நேராக எழுதியிருக்கிறாள். இப்போது படித்தால் பளிச்சென்று தெரிகிறது. அன்றைக்கு எழுதினேனே தவிர யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் சிலேட்டில் எழுதவும் இல்லை, கணக்குக்கு வாய் திறக்கவும் இல்லை.

ஆகஸ்டில் கடை விளையாட்டு ஆரம்பித்தேன். ட்ரெயினிங்கில் சொல்லித் தந்ததுதான். பூவரச இலை சரக்கு, புளியங்கொட்டை காசு. ஒருத்தி கடைக்காரி, ஒருத்தி வாங்குகிறவள். "இன்னா விலை?" "எட்டு." "ஐந்துக்குத் தருவாயா?" என்று பேசிப் பேசியே கூட்டலும் கழித்தலும் பழகிவிடும் என்பது எங்களுக்குச் சொன்னது.

என் வகுப்பில் யாரும் பேசவில்லை. நூர்ஜான் இலைகளை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். செல்லி எதிரே குந்தினாள். நூர்ஜான் தன் துப்பட்டாவை மடிமேல் விரித்தாள். இரண்டு பேரின் கைகளும் அதற்குள் போயின. செல்லி தலையை ஆட்டினாள், முறைத்தாள், எழுந்து போவதுபோலப் பாவனை செய்து திரும்ப உட்கார்ந்தாள். கடைசியில் இலையும் கொட்டையும் கை மாறின. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கையைத் தட்டின. எனக்கு ஒன்றும் புரியவில்லை. 'பேச்சுப் பயிற்சி இல்லை. விளையாட்டுத் தோல்வி' என்று குறித்துவிட்டுக் களிமண்ணுக்குப் போய்விட்டேன்.

கலவைச் சந்தையில் மாட்டுத் தரகர்கள் துண்டைப் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதைச் சின்ன வயதில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். சுற்றி நிற்கிறவர்களுக்கு விலை தெரியாமல் இருப்பதற்காக அப்படி. ஆனால் அது மீசை வைத்த ஆண்களின் காரியம். ஏழு வயதுப் பெண்களின் மடியில் அது நடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

செப்டம்பரிலிருந்து நான் வேவு பார்க்க ஆரம்பித்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் முறையாகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். சன்னலைச் சாத்திப் பார்த்தேன். செல்லிக்கு மூன்றாம் வகுப்பில் ஒரு சித்தி மகள் இருந்தாள். அவள் தண்ணீர் குடிக்க வெளியே வரும் நேரத்தைக் குறித்தேன். இருமல்களை எண்ணினேன். ஒரு நாள் பதினொரு இருமல், ஒன்பது சரியான விடை. மறுநாள் மூன்று இருமல், அன்றைக்கும் ஒன்பது. சம்பந்தம் இல்லை என்று எழுதினேன். செல்லியின் கண் எங்கே போகிறது என்று பார்த்தேன். அவள் விடை சொல்லும்போது யாரையும் பார்ப்பதில்லை. கூரையைப் பார்ப்பாள். ஒரு வாரம் நானும் கூரையைச் சோதித்தேன்.

மற்றப் பிள்ளைகளை விசாரித்தேன். ஒருத்தி தனக்குத் தெரியாது என்றாள். இன்னொருத்தி, "சொன்னா எனக்கு இன்னா தருவீங்க?" என்று கேட்டாள். அவள்மேலும் சந்தேகப்பட்டேன்.

செல்லியின் திருட்டு விடைகளையும் நூர்ஜான் வாய் திறக்காததையும் பற்றிப் பேச, டிசம்பரில் எஸ்தரம்மாள் இருவரின் பெற்றோரையும் வரவழைத்தார்கள். அஞ்சலை கையெல்லாம் பட்டைத் தூளோடு வந்தாள். காதர் பாய் தோளில் துண்டோடு வந்து, கதவோரமே நின்றார். தரகர்கள் வந்துபோகும் தோல் உலர்த்துகிற முற்றத்திலும் அஞ்சலை வேலை செய்திருக்கிறாள். அதனால் இருவருக்கும் பழக்கம்.

"இன்னா பாய், நம்ம பொண்ணுங்க ரெண்டும் சேர்ந்து கூத்து கட்டுதாமே?"

"அதான் பேஜாரா போச்சும்மா" என்றார் அவர்.

எஸ்தரம்மாள் நூர்ஜானை முன்னால் நிறுத்தினார்கள். "ஏழும் ஆறும் எவ்வளவு?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"பார்த்தீங்களா? ஆறு மாசமா இதுதான். உங்க பொண்ணுக்கு ஒண்ணும் ஏறல. வீணா அனுப்பாதீங்க."

காதர் பாய் தோள் துண்டை எடுத்து வலது கைமேல் போட்டுக்கொண்டு மகளிடம் நீட்டினார். அவள் கை உள்ளே போனது. துண்டு இரண்டு முறை அசைந்தது.

"பதிமூணு" என்றார்.

"அது நீங்க சொல்றது" என்றார்கள் எஸ்தரம்மாள்.

"இல்லீங்கம்மா, அவ சொன்னது."

"பெரியவர், உங்களுக்கு ஏழும் ஆறும் பதிமூணுன்னு தெரியாதா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். அஞ்சலை மட்டும் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்கு அந்த நிமிஷத்தில்தான் கலவைச் சந்தை ஞாபகம் வந்தது. வெளியே போகும்போது, அந்தப் பாஷையை எனக்குச் சொல்லித் தர முடியுமா என்று காதர் பாயிடம் கேட்டேன். "அது மண்டி விசயம் டீச்சரம்மா. வெளி ஆளுங்களுக்குச் சொல்றதில்ல" என்று போய்விட்டார்.

மறுநாள் இடைவேளையில் செல்லியைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் கூப்பிட்டேன். மிரட்டவில்லை. "அந்தக் கை விளையாட்டு எனக்கும் சொல்லித் தரியா?" என்று மட்டும் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்று வியந்தாள். "கைய குடுங்க."

என் சேலைத் தலைப்பை இழுத்து எங்கள் கைகள்மேல் போட்டாள். "ஒரு விரலைப் புடிச்சா ஒண்ணு. ரெண்டைப் புடிச்சா ரெண்டு. முழுக் கையும் புடிச்சா அஞ்சு. அஞ்சுக்கு மேல போவணும்னா முழுக் கைய புடிச்சி விட்டு, அப்புறம் விரலு. மணிக்கட்டைத் தொட்டா பத்து. தெரிஞ்சிச்சா? இப்ப இது இன்னா, சொல்லுங்க."

"எட்டு."

"ம்க்கும். ஏழு. சரியா கவனிங்க டீச்சரம்மா."

மூன்றாம் முறை சரியாகச் சொன்னேன். "உனக்கு யாருடி சொல்லித் தந்தது?" என்று கேட்டேன்.

"நூருதான். அவ அவங்க அப்பா மடியிலயே குந்தி கத்துக்கிட்டாளாம்." பிறகு குரலைத் தாழ்த்தாமலேயே, பெருமையாகவே சொன்னாள்: "நூரு கணக்குப் போட்டு துப்பட்டாவுக்குள்ள என் விரலைப் புடிப்பா. நான் வாயால சொல்லுவேன். அவ சொன்னா எல்லாம் சிரிக்கிறாங்க இல்ல? மண்டியிலகூட ஒருத்தர் கைய புடிப்பாரு, இன்னொருத்தர் கூவுவாரு. நாங்க செய்றது சரிதானே?"

"சரி" என்று சொன்னேன். அன்று மாலையே அறிக்கை எழுதினேன்.

அறிக்கையில் ஏழு விஷயம் இருந்தது. கணக்குப் போடுகிறவள் நூர்ஜான். பேசாததால் மந்தமானவள் என்று நினைத்தது பிழை. செல்லி விடையை வாங்கிச் சொல்கிறாள். இனிமேல் பரீட்சையில் பிள்ளைகள் ஒரு கை தூரம் தள்ளி உட்கார வேண்டும், மடிமேல் துணி கூடாது என்பது ஏழாவது. எஸ்தரம்மாள் அதை இரண்டு முறை படித்தார்கள். நாலு வருஷத்தில் முதல் தடவையாக என்னை உட்காரச் சொன்னார்கள்.

"ஒருத்தி ஊமை வேஷம், ஒருத்தி கெட்டிக்கார வேஷம். நல்லாக் கண்டுபிடிச்சே" என்றார்கள். "ஆனா இந்தத் துலுக்கப் பொண்ணுக்கு நிஜமாவே தெரியும்னு இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா கையாலதான் எனக்குத் தெரியணும். உன் கையால வேணாம்."

பிப்ரவரியில் வருஷப் பரீட்சை வைக்க இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வேலூரிலிருந்து ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து ஜட்கா வண்டியில் வந்திறங்கினார். பொறுமையானவர். விரல் பாஷையைப் பத்து நிமிஷத்தில் என்னிடம் கற்றுக்கொண்டு, பாயில் நூர்ஜானுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் சைகை காட்டிவிடுவேன் என்று எஸ்தரம்மாள் என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன். எட்டும் ஒன்பதும், பன்னிரண்டில் ஐந்து போனால், மூன்று மூன்றாக ஆறு முறை என்று கேள்விகள் முதுகுக்குப் பின்னால் கேட்டன. ஒவ்வொன்றுக்கும் சிறிது நேரத்தில் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா விடையைச் சொன்னார். பத்துக்குப் பத்து.

"அருமை" என்றார். "அடுத்த பெண்."

செல்லி வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார்கள். "எட்டும் ஒன்பதும்?"

செல்லி கூரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"டீச்சரம்மா, நூரு பக்கத்துல குந்தட்டா?"

"அதுதான் கூடாது" என்றார்கள் எஸ்தரம்மாள்.

"பதினஞ்சா?"

பத்தில் இரண்டு வந்தது. நூர்ஜான் இரண்டாம் வகுப்புக்குப் போனாள். செல்லியின் பெயரைச் சிவப்பு மையால் நானே அடித்தேன். ஆஜர்ப் புத்தகம் என் பொறுப்பு. என் அறிக்கையை இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா தன்னோடு எடுத்துப்போனார். கமலா எழுதியிருக்கும் விதி அங்கிருந்து வந்தது.

மூன்று வாரம் கழித்து, டீச்சர்கள் கூட்டத்தில் பேசுவதற்காகக் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஆகஸ்டுப் பக்கத்தில் கடை விளையாட்டு. செல்லிதான் வாங்குகிறவள். பேரம் பேசியவள். தலையை ஆட்டி, முறைத்து, எழுந்து போவதுபோல நடித்து, விலையைக் குறைக்க வைத்தவள். கணக்குத் தெரியாமல் ஒருத்தி எப்படிப் பேரம் பேசுவாள்? எனக்குச் சொல்லித் தந்த அன்று என் எட்டைத் தவறு என்று திருத்தியதும் அவள்தான்.

நூர்ஜானிடம் விடையைக் கையால் வாங்கினோம். செல்லியிடம் வாயால் கேட்டோம். இரண்டு பேரையும் பிரித்துக் கேட்டேன், சேர்த்துக் கேட்டேன், சன்னலைச் சாத்திக் கேட்டேன், இருமலை எண்ணினேன். செல்லியின் கையில் ஒரு கணக்கைப் போட்டு, கையாலேயே விடை வாங்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பேசுகிற பிள்ளைக்கு அது எதற்கு என்று இருந்துவிட்டேன்.

பட்டைக் கொட்டகைக்குப் போனேன். அஞ்சலை உலக்கையை நிறுத்தாமலே பேசினாள்.

"ஒரே ஒரு தடவை செல்லியை அனுப்பு அஞ்சலை. வேற மாதிரி கேட்டுப் பார்க்கணும்."

"பேரை அடிச்சிட்டீங்க. இன்னும் இன்னா பரீட்சை?"

"தப்பு என்னுதுதான்."

"இருக்கட்டும். அவளையே வுட்டு எல்லாத்தையும் சொல்ல வெச்சி எழுதிக்கினீங்க இல்ல? அதையே இன்னும் சொல்லிச் சொல்லி அழுவுறா. போங்க டீச்சரம்மா, தூளு கண்ணுல வுழும்."

கொட்டகையின் அந்தக் கோடியில் நாலைந்து சின்னப் பெண்கள் பட்டையைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தூளில் எல்லாரும் ஒரே நிறமாக இருந்தார்கள். அதில் செல்லி யார் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எஸ்தரம்மாளிடம் சொன்னேன். "கையால கேட்டிருந்தா அவளுக்கு வந்திருக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்கள். நியாயமான கேள்வி. தெரியாது என்றேன். "அப்போ விடு" என்றார்கள்.

இன்றைய நிலை இது. விதி அமலில் இருக்கிறது. அதை எடுத்துவிடும்படி வேலையில் இருக்கும்போது ஒரு கடிதமும் விலகிய பிறகு ஒரு கடிதமும் எழுதினேன், பதில் வரவில்லை. பிள்ளைகளைத் தள்ளி உட்கார வைத்து ஒரு தடவையும், சேர்த்து உட்கார வைத்து ஒரு தடவையும் கேட்டு, இரண்டையும் எழுதி வைக்கும்படி கமலாவுக்குச் சொல்லியிருக்கிறேன். அவள் செய்வாளா என்று தெரியாது. நூர்ஜான் நாலாம் வகுப்பில் படிக்கிறாள். செல்லிக்குக் கணக்குத் தெரியுமா என்பதை இதுவரை யாரும் சோதிக்கவில்லை. அவள் பட்டைக் கொட்டகையில் வேலை செய்கிறாள்.